மோட்டார் சுற்றும் கைக்கு ஆற்றல் பொறியியல் எட்டும் தூரம்தான்

துடியலூரில் தொடங்கி பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாக மேட்டுப்பாளையம் வரை சாலையின் இரு பக்கமும் பாருங்கள். லேத் பட்டறை, மோட்டார் வைண்டிங் கடை, பம்ப் செட் சர்வீஸ், கம்ப்ரசர் ரிப்பேர், சோலார் பேனல் மாட்டித் தரும் கடை என்று வரிசையாக இருக்கும். உள்ளே வேலை செய்பவர்களில் பலர் பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. போனவர்கள். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், டர்னர், வயர்மேன் என ஏதாவது ஒரு டிரேடில் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். வேலையில் கெட்டிக்காரர்கள். இருபத்தைந்து வயதை நெருங்கும்போது அவர்களுக்கு ஒரு கேள்வி வருகிறது. இதே பட்டறையில் இப்படியே இருந்துவிடுவதா, மேலே படிப்பதா?

படியுங்கள் என்பதுதான் என் பதில். ஆற்றல், சுற்றுச்சூழல் சார்ந்த பொறியியலைப் படியுங்கள். கைத்தொழிலை விட்டு ஓடுவதற்காகப் படிக்காதீர்கள்; அதையே முதலாகப் போட்டுப் படியுங்கள். அதற்கான வழி, செலவு, கவனிக்க வேண்டிய பள்ளங்கள் எல்லாவற்றையும் கீழே பார்க்கலாம்.

ஏன் இந்தத் துறை?

2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றில் கழிவுநீர் துளியும் கலக்கக்கூடாது என்ற நிபந்தனையைப் பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் நிறைவேற்றவில்லை என்பதே காரணம். ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று திருப்பூரில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் இந்த நிபந்தனைதான். சாயத்தண்ணீரை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்து, ஆர்.ஓ.வில் வடித்து, மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பைத் தனியே எடுக்க வேண்டும். காய்ச்சுவதற்கு நீராவி வேண்டும். நீராவிக்குக் கொதிகலன், கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். ஆற்றைக் காப்பாற்றும் வேலை கடைசியில் எரிபொருள் கணக்கில் வந்து நிற்கிறது. ஆற்றலையும் சுற்றுச்சூழலையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

காரமடைப் பக்கத்து மக்களுக்கு இது கேள்விப்பட்ட கதை மட்டுமல்ல, கண்ணால் பார்த்ததும்கூட. சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவால் பவானி ஆறு கெட்டது, மக்கள் போராடினார்கள், ஆலை மூடப்பட்டது, பலர் வேலை இழந்தார்கள். ஆலையும் ஓட வேண்டும், ஆறும் பிழைக்க வேண்டும் என்றால் இயந்திரத்தையும் தண்ணீரையும் ஒருசேரப் புரிந்துகொண்ட ஆட்கள் ஆலைக்குள்ளேயே இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இன்னும் போதவில்லை.

சிறிய அளவிலும் இதைப் பார்க்கலாம். கோவையின் பெரிய அபார்ட்மென்ட்களில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். அங்கே மின்சாரத்தில் பெரும்பங்கை இழுப்பது காற்றை ஊதும் புளோயர். தொட்டி நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் நுண்ணுயிர்களுக்குப் பொதுவாகப் போதும். அளந்தே பார்க்காமல் புளோயரை இரவும் பகலும் முழு வேகத்தில் ஓட்டினால் மின் கட்டணம் ஏறும். கட்டணத்துக்குப் பயந்து நிறுத்தி வைத்தால் நுண்ணுயிர்கள் சாகும், நாற்றம் கிளம்பும். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தே தளர்வைச் சொல்லிவிடும் ஃபிட்டருக்கு ஆக்சிஜன் மீட்டரைப் படிக்கவும் தெரிந்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் ஒரே கையில் தீரும்.

உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பது

காரமடைச் சுற்றுவட்டாரத்தில் கறிவேப்பிலைத் தோட்டமும் வாழைத் தோட்டமும் அதிகம். ஒரு தோட்டத்தில் 5 குதிரைத்திறன் ஆழ்குழாய் மோட்டார் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். “தண்ணி கம்மியா வருதுங்க” என்று தோட்டக்காரர் கூப்பிடுகிறார். நீங்கள் போய் சத்தத்தைக் கேட்பீர்கள், கிளாம்ப் மீட்டர் போட்டு ஆம்பியர் பார்ப்பீர்கள், மோட்டாரை மேலே ஏற்றுவீர்கள். இதுவரைக்கும் உங்கள் தொழில். இனி அதிலேயே நாலு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்.

200 லிட்டர் பேரல் 80 நொடியில் நிறைகிறது. அப்படியானால் நொடிக்கு 2.5 லிட்டர். தண்ணீர் நிற்கும் ஆழம், மேல்தொட்டியின் உயரம், குழாயின் உராய்வு எல்லாம் சேர்த்து 70 மீட்டர். 2.5-ஐ 70-ஆலும் 9.81-ஆலும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் சுமார் 1.7 கிலோவாட். தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த ஆற்றல் அவ்வளவுதான். மோட்டார் இழுப்பது 415 வோல்ட்டில் 8 ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.8. மூன்று ஃபேஸ் கணக்குப்படி சுமார் 4.6 கிலோவாட். ஆக, உள்ளே போன மின்சாரத்தில் 37 சதவீதம்தான் தண்ணீராக மேலே வந்தது. மீதி 63 சதவீதம் தேய்ந்த இம்பெல்லரிலும், சுருளின் சூட்டிலும், அந்த ஆழத்துக்குப் பொருந்தாத பம்பிலும் போய்விட்டது.

எனர்ஜி ஆடிட் என்பதன் அடிப்படை இவ்வளவுதான். உள்ளே போனது எவ்வளவு, பயனாக வந்தது எவ்வளவு, மீதி எங்கே போயிற்று? நூற்பாலையின் கம்ப்ரசருக்கும், ஃபவுண்டரியின் ஃபர்னஸுக்கும், சாயப்பட்டறையின் கொதிகலனுக்கும் கேள்வி இதுவேதான். கோவையில் நூற்பாலைகளுக்கு ஆற்றல் தணிக்கை செய்து தரும் சிட்ராவிலும், பம்புகளைச் சோதிக்கும் சிடார்க்கிலும் இதே வகைக் கணக்குத்தான் நடக்கிறது.

வைண்டிங் கடைக்காரருக்குத் தெரிந்த இன்னொன்று: எரிந்த மோட்டாரின் பழைய சுருளைச் சூடுகாட்டி எடுக்கும்போது சூடு மிஞ்சினால் கோர் தகடுகளின் இன்சுலேஷன் கெட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் மோட்டார் பழைய மாதிரி இருக்காது. வகுப்பில் இதற்கு ‘எடி கரண்ட் இழப்பு’ என்று பெயர். பிளஸ் டூ முடித்து நேரே பொறியியலுக்கு வரும் மாணவர் இதைப் புத்தகத்தில்தான் முதலில் பார்க்கிறார். நீங்கள் கையைச் சுட்டுக்கொண்டு கற்றிருக்கிறீர்கள். படிப்பில் உங்களுக்குக் குறைவது கணக்கும் கோட்பாடும் மட்டும்தான். இரண்டையும் உழைத்துச் சேர்த்துவிடலாம்.

ஏறும் படிகள்

முதல் படி, டிப்ளமா. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மூன்றாண்டுப் படிப்பு இரண்டாண்டில் முடியும். காரமடையிலிருந்து போய்வரும் தூரத்தில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா பாலிடெக்னிக், மேட்டுப்பாளையம் நஞ்சையா லிங்கம்மாள் பாலிடெக்னிக் ஆகியவை இருக்கின்றன. கோவை நகருக்குள் அரசு பாலிடெக்னிக்கும் பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் இந்த ஆண்டு இடம் உண்டு என்பதை நேரில் போய்க் கேளுங்கள்.

இரண்டாம் படி, பி.இ. இதற்கு மூன்று வழிகள்.

ஒன்று, முழுநேரம். டிப்ளமா முடித்தவர்கள் மாநில அரசின் லேட்டரல் என்ட்ரி கலந்தாய்வு மூலம் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்றாண்டில் பட்டம். வீட்டுக்கு உங்கள் சம்பளம் இல்லாமலும் சமாளிக்க முடியும் என்றால் இதுவே குறுக்குவழி.

இரண்டு, மாலைநேரம். கோவையில் உள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. டெக் ஆகியவை வேலை செய்துகொண்டிருக்கும் டிப்ளமாதாரர்களுக்காக மூன்றரை ஆண்டு பகுதிநேர பி.இ. நடத்திப் பெயர் எடுத்தவை. கோவைத் தொழிற்சாலைகளில் இன்று மேலாளர் நாற்காலியில் இருக்கும் எத்தனையோ பேர் இப்படி மாலை வகுப்பில் படித்து வந்தவர்கள்தான்.

மூன்று, தொழில்நுட்பக் கல்விக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2023-24 முதல் அனுமதித்துவரும் பணிபுரிவோருக்கான டிப்ளமா, பட்டப்படிப்புகள். வகுப்பு நேரத்தை வேலைக்கு ஏற்றபடி கல்லூரியே அமைத்துக்கொள்ளும். அருகில் உள்ள, முறையாகப் பதிவு பெற்ற நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும்.

அரசு தொழில்நுட்பக் கல்லூரியைப் பற்றி ஒரு செய்தி. 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் அதைத் தொடங்கக் காரணமாக இருந்தவர் ஜி.டி. நாயுடு. கல்லூரியில் படிக்காதவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தில் தொழில் தொடங்கியவர். 1937-இல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படும் மோட்டாரை உருவாக்கியவர். பட்டறையில் கற்றவன் பொறியியலுக்கு அந்நியன் இல்லை என்பதற்கு இந்த ஊரில் வேறு சாட்சி தேவையில்லை.

வெளிநாட்டிலும் இதே எண்ணம்தான் வலுப்பெற்று வருகிறது. ஜெர்மனியில் ‘மைஸ்டர்’ தேர்வில் தேறிய கைத்தொழிலாளர் எந்தப் பாடத்துக்கும் நேரடியாகப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று 2009-இல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் முடிவெடுத்தார்கள். நம் ஊரில் வழி டிப்ளமாவைச் சுற்றிப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேளாண் பல்கலைக்கழகப் படிப்பு

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ‘ஆற்றல் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல்’ என்ற பெயரிலேயே பி.டெக். படிப்பை நடத்தியிருக்கிறது. சாண எரிவாயு, விவசாயக் கழிவிலிருந்து எரிபொருள், சூரிய உலர்த்தி என்று நம் தோட்டங்களுக்கு நெருக்கமான பாடங்கள். ஆனால் இதற்குக் கணிதம், இயற்பியல், வேதியியலோடு பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். ஐ.டி.ஐ.யிலிருந்து நேரே போகும் கதவு இல்லை. வீட்டில் தம்பியோ தங்கையோ பிளஸ் டூ படித்தால், அந்த ஆண்டுக்கான சேர்க்கைக் கையேட்டில் இந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இது நஷ்டமும் அல்ல. பட்டத்தின் பெயரில் ‘ஆற்றல்’ என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல் என்று அடித்தளப் பிரிவு ஒன்றில் பி.இ. முடித்துவிட்டு, முதுகலையில் ஆற்றல் பொறியியலுக்கோ சுற்றுச்சூழல் பொறியியலுக்கோ போகலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கும் தனித்தனி மையங்கள் உள்ளன. அடித்தளப் பிரிவில் பட்டம் இருந்தால் வேலைக்கான கதவுகளும் அதிகம்.

எந்த டிரேடுக்கு எந்தப் பிரிவு?

எலக்ட்ரீஷியன், வயர்மேன், வைண்டிங் தெரிந்தவர்களுக்கு எலக்ட்ரிக்கல். சோலார், காற்றாலை, மோட்டார் திறன், மின் தணிக்கை எல்லாம் அந்தப் பக்கம்.

ஃபிட்டர், டர்னர், ஏ.சி. மெக்கானிக், கொதிகலன் பார்ப்பவர்களுக்கு மெக்கானிக்கல். நீராவி, கம்ப்ரசர், பம்ப், குளிரூட்டல் ஆகியவற்றில் வீணாகும் ஆற்றலைப் பிடிப்பது இவர்கள் வேலை.

பிளம்பர், சிவில் டிராஃப்ட்ஸ்மேன் ஆகியோருக்கு சிவில். குடிநீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வடிவமைப்புக்கு நேர்வழி.

சாயப்பட்டறையிலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ ஆபரேட்டராக இருப்பவர்களுக்கு கெமிக்கல். பி.ஓ.டி., சி.ஓ.டி., டி.டி.எஸ். என்று தினமும் லாக் புத்தகத்தில் எழுதும் எண்களின் பொருள் அங்கேதான் திறக்கும். ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கும் சி.ஓ.டி. 250-க்கும் மேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு. அந்த எண் ஏன் ஏறுகிறது என்று சொல்லத் தெரிந்த ஆபரேட்டருக்கு நிலையத்தில் மரியாதையே வேறு.

டிப்ளமாவில் எடுக்கும் பிரிவுதான் பி.இ.யில் எளிதாகத் தொடரும். அதனால் முடிவை முதல் படியிலேயே எடுங்கள்.

ஏமாறாதீர்கள்

“வீட்டிலிருந்தே பி.இ., வகுப்புக்கு வர வேண்டாம்” என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில அனுமதி இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பட்டத்தை நம்பிப் பதவி உயர்வு பெற்றவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

ஒரு காலத்தில் தொழிலாளர் பொறியாளராவதற்கு இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வு நல்ல வழியாக இருந்தது. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே மத்திய அரசு அதைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றுள்ளது. பெரியவர்கள் நல்ல எண்ணத்தில் அந்த வழியைச் சொன்னால், இன்றைய நிலையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் மூன்றைக் கேளுங்கள்: இந்தப் பிரிவுக்கு இந்த ஆண்டு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா? எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்? ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் அங்கே மாலைப் படிப்பு பெயருக்குத்தான் நடக்கும்.

கணக்கைக் கண்டு மிரள வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

ஐ.டி.ஐ.யிலிருந்து போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் கணிதம். நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வதால் முதலாம் ஆண்டுக் கணிதத்தை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். பி.இ.யிலும் அப்படியே. வகையீடு, தொகையீடு உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பில்தான் மூன்றாம் செமஸ்டர் பாடம் தொடங்கும். அரியர் குவிவதும், படிப்பை விடுவதும் இங்கேதான்.

சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே பிளஸ் ஒன், பிளஸ் டூ தமிழ்வழிக் கணிதப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். திரிகோணமிதி, மடக்கை, அணிகள், வகையீடு, தொகையீடு, இந்த ஐந்தும் போதும். தினமும் ஒரு மணி நேரம், வேலைக்குப் போகுமுன் காலையில். ஷிஃப்ட் முடிந்து வந்து படிப்பேன் என்பது நடைமுறையில் நடக்காது. பக்கத்தில் டியூஷன் எடுக்கும் ஆசிரியரிடம் போய் “பாலிடெக்னிக் கணக்கு சொல்லித் தாங்க சார்” என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஆங்கிலம் இரண்டாவது கவலை. தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதப் பழகுங்கள். மோட்டாரின் பெயர்ப்பலகை, பம்பின் கேட்டலாக், வி.எஃப்.டி.யின் கையேடு எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அவற்றை ஏற்கெனவே படித்து வேலை செய்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குங்கள். நாளொன்றுக்கு அந்தக் கையேட்டில் ஒரு பக்கம்.

பணமும் சான்றும்

முழுநேரமாகப் படிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் மாதச் சம்பளத்தையும் ஓ.டி.யையும் படிக்கும் மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதோடு கட்டணம், பஸ், புத்தகம். அதுதான் படிப்பின் உண்மையான விலை. கல்லூரி சொல்லும் கட்டணம் அதில் ஒரு பகுதிதான். அந்தத் தொகை வீட்டை அசைக்கும் என்றால் மாலைநேரப் படிப்பே சரி. அரை ஆண்டு அதிகமானாலும் அடுப்பு அணையாது.

குடும்பத்தில் பட்டம் வாங்கும் முதல் ஆள் நீங்கள் என்றால், முதல் பட்டதாரிச் சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உங்கள் படிப்புக்குப் பொருந்துமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

சிறு பட்டறைகளில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது அனுபவச் சான்று. பகுதிநேரப் படிப்புக்கு வேலை அனுபவத்தை நிரூபிக்க வேண்டும். நம் பக்கம் பல பட்டறைகளில் சம்பளம் கையில்தான், ரசீது கிடையாது. பத்து வருடம் வேலை பார்த்திருந்தாலும் காகிதத்தில் ஒரு நாள்கூட இருக்காது. இப்போதே முதலாளியிடம் பேசுங்கள். பட்டறைக்கு உத்யம் பதிவோ ஜி.எஸ்.டி. எண்ணோ இருக்கிறதா? பி.எஃப்., இ.எஸ்.ஐ.யில் உங்கள் பெயரைச் சேர்க்க முடியுமா? சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். “அண்ணா, மேல படிக்கறதுக்குத்தானுங்க” என்று பக்குவமாகச் சொன்னால் நம் ஊர் முதலாளிகள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். படித்த தொழிலாளி பட்டறைக்கும் லாபம்.

பட்டம் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம்

மின்சாரத் துறைக்காரர்கள் டிப்ளமாவுக்குப் பிறகு தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மேற்பார்வையாளர் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். சோலார் பக்கம் போக விரும்பும் எலக்ட்ரீஷியன்களுக்கு மத்திய அரசின் சூர்யமித்ரா பயிற்சி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் கூரை சோலாருக்கு ரூ.78,000 வரை மானியம் கிடைப்பதால், பேனல் மாட்டத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. நிழல் விழும் கூரையில் எத்தனை யூனிட் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு உண்மையைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு நல்ல பெயரும் இருக்கும்.

பெரிய இலக்கு ஒன்று உண்டு. ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இன்படி அமைந்த ஆற்றல் திறன் அமைப்பான பி.இ.இ. நடத்தும் தேசிய ஆற்றல் தணிக்கையாளர் தேர்வு. பொறியியல் பட்டதாரிகளுக்கு மூன்றாண்டு அனுபவம் வேண்டும். டிப்ளமாதாரர்களும் ஆறாண்டு அனுபவத்தோடு எழுதலாம். பி.இ. வரை போக முடியாதவர்களுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். நான்கு தாள்கள்: பொதுவான ஆற்றல் மேலாண்மை, வெப்பச் சாதனங்கள், மின் சாதனங்கள், சாதனங்களின் செயல்திறனை மதிப்பிடுதல். பாடநூல்களை பி.இ.இ. இணையத்தில் இலவசமாகவே தருகிறது. இன்றே மூன்றாம் தாளின் மோட்டார் பாடத்தையும் பம்ப் பாடத்தையும் எடுத்துப் புரட்டுங்கள். பாதிக்கு மேல் உங்களுக்குப் பழக்கமான சங்கதிகள்.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

1. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஐ.டி.ஐ. தேசியச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் திருத்தப் பல மாதம் ஆகும்.

2. பக்கத்துப் பாலிடெக்னிக் இரண்டுக்கு நேரில் போய், இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கை எப்போது என்று கேளுங்கள். கோடை விடுமுறையை ஒட்டித்தான் விண்ணப்பங்கள் வரும்; தவறவிட்டால் ஓராண்டு போய்விடும்.

3. மாலை வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். வேலை முடிந்து வகுப்புக்குப் போய், இரவில் மேட்டுப்பாளையம் பஸ் பிடித்து வீடு சேரும் நாள் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டிலும் அதைச் சொல்லி, சம்மதத்தோடு தொடங்குங்கள்.

4. ஒரு நோட்டு வாங்குங்கள். சர்வீஸுக்குப் போகும் ஒவ்வொரு மோட்டாரின் குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர், தண்ணீர் அளவு, ஆழம், வைண்டிங் எத்தனையாவது முறை, எல்லாவற்றையும் எழுதுங்கள். மேலே செய்த கணக்கை ஒவ்வொன்றுக்கும் போடுங்கள். கல்லூரியில் புராஜெக்ட் கேட்கும்போது மற்றவர்கள் தலைப்புத் தேடி அலைவார்கள். உங்களிடம் காரமடைப் பம்புகளின் உண்மையான கணக்கு ஒரு நோட்டு நிறைய இருக்கும். வேலைக்கு நேர்முகத்தேர்வுக்குப் போகும்போதும் அந்த நோட்டையே கொண்டு போங்கள். பவானியிலும் நொய்யலிலும் அடுத்த தலைமுறைக்கு என்ன தண்ணீர் ஓடும் என்பது, இயந்திரத்தைத் தொட்டுப் பழகிய உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் அதை அளக்கவும் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.